கொன்றவரின் பிள்ளையும் பிழைத்தவரின் பிள்ளையும் ஒரே வகுப்பில்: ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது?

வினா – பயிற்றுநர்

வணக்கம். ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்களுக்காக அமைதிக் கல்வி பற்றிய பாட அலகு ஒன்றை எழுதி வருகிறேன். இனப்படுகொலை நடந்து முடிந்த ஒரு நாட்டில் பள்ளிக்கூடம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதே அதன் மையம். ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவை அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். 1994 ஏப்ரல் 7 தொடங்கி ஏறத்தாழ 100 நாள்களுக்குள் அங்கே 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிடுகிறது, 10 லட்சத்துக்கும் மேல் என்பது ருவாண்டா அரசின் கணக்கு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுபான்மையினரான துட்சிகள். கொன்றவர்கள் பெரும்பான்மையினரான ஹூட்டுகளில் தீவிரவாதிகளும் அவர்கள் பின்னால் சென்றவர்களும்; கொலையை எதிர்த்து நின்ற ஹூட்டுகளும் துட்சிகளோடு கொல்லப்பட்டார்கள். என்னை உறங்கவிடாதது இந்த எண்ணிக்கை மட்டுமன்று. வெட்டுக்கத்தியோடு வந்தவர்களில் பெருந்தொகையினர் சீருடை அணிந்தவர்கள் அல்லர். அடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள், ஒரே தேவாலயத்தில் மண்டியிட்டவர்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு இரு தரப்பாரும் திரும்பி வந்தது அதே குன்றுகளுக்குத்தான். அவர்களுடைய பிள்ளைகள் சென்று அமர்ந்ததும் அதே பள்ளிகளில்தான்.

என்னுடைய முதல் வரைவில் வழக்கமான பாடங்களே இருந்தன: வேற்றுமையை மதித்தல், கோபத்தை அடக்குதல், கூடி விளையாடுதல், இறுதியில் 'நாம் அனைவரும் மனிதர்கள்' என்றொரு குழுப் பயிற்சி. அதைப் படித்த மாணவி ஒருவர், "பக்கத்தில் அமர்ந்திருக்கும் பையனின் தகப்பன்தான் தன் தகப்பனைக் கொன்றவன் என்று அறிந்த பிள்ளையிடம் இதைச் சொன்னால், அது அந்தப் பிள்ளையின் காதில் எப்படி விழும்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அன்றிலிருந்து வரைவை மூடி வைத்திருக்கிறேன். அத்தகைய வகுப்பில் ஆசிரியர் நடந்ததைப் பெயர் சொல்லிப் பேச வேண்டுமா, அல்லது காயம் ஆறும் வரை அதைத் தொடாமல் இருப்பதே கருணையா? மன்னிப்பு என்பது பாடமாகக் கற்பிக்கக் கூடியதுதானா? இத்துறையில் படித்தவர்களும் பணியாற்றியவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1 – வரலாற்று ஆசிரியை

அம்மா, உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை தேடுவதற்கு முன்னால், பள்ளிக்கூடத்தைக் காயத்துக்கு மருந்து போட வந்த நடுநிலையான இடமாக நினைத்துக்கொள்ளும் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்று நினைக்கிறேன். ருவாண்டாவில் பள்ளிக்கூடமும் அந்தக் குற்றம் வளர்ந்த இடங்களில் ஒன்று.

1930களில் பெல்ஜிய ஆட்சியாளர்கள் ஒவ்வொருவருடைய அடையாள அட்டையிலும் ஹூட்டு, துட்சி, த்வா என்று எழுதி வைத்தார்கள். மூவரும் பேசியது கின்யருவாண்டா என்னும் ஒரே மொழி. வாழ்ந்தது ஒரே குன்றுகளில். விடுதலைக்குப் பிறகும் அந்த அட்டை ஒழியவில்லை. வகுப்பாசிரியர் ஹூட்டுப் பிள்ளைகளையும் துட்சிப் பிள்ளைகளையும் தனித்தனியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிக் குறித்துக்கொண்டதையும், தான் யார் என்பதை அந்த நாளில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டதையும் தப்பிப் பிழைத்தவர்கள் பலர் தங்கள் சாட்சியங்களில் சொல்லியிருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைப்பதை இன ஒதுக்கீடு தீர்மானித்தது. வரலாற்றுப் பாடமோ துட்சிகளை வடக்கிலிருந்து, எத்தியோப்பியப் பக்கத்திலிருந்து வந்து நாட்டைப் பிடித்துக்கொண்ட அந்நியர்கள் என்று கற்பித்தது. பாடப் புத்தகத்து வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் கற்பித்தவரும் ஆளுங்கட்சிப் பிரமுகருமான லெயோன் முகெசெரா 1992 நவம்பரில் ஒரு கூட்டத்தில் பேசும்போது, துட்சிகளை நியாபரோங்கோ ஆற்றின் வழியாக எத்தியோப்பியாவுக்கே அனுப்பிவைப்போம் என்றார். ஒன்றரை ஆண்டு கழித்து அந்த ஆற்றில் பிணங்கள் மிதந்தன. விக்டோரியா ஏரி வரை அவை அடித்துச் செல்லப்பட்டன. அவருக்கு 2016இல் ருவாண்டா நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் வகுப்பறைகளில் நடத்தி வந்தவர்கள் அதற்காகத் தண்டிக்கப்பட்டதாக நான் அறியவில்லை.

ஆகவே நீங்கள் முதலில் எழுத வேண்டிய பாடம் 'நாம் அனைவரும் மனிதர்கள்' என்பதன்று. மனிதரை வகைபிரித்து எண்ணுவது எப்படிப் படிப்படியாக வழக்கமாயிற்று என்பதே. யார் அட்டை அச்சிட்டார், யார் பட்டியல் எடுத்தார், 1993இல் ஒலிபரப்பைத் தொடங்கிய ஆயிரங்குன்று வானொலி எந்தச் சொல்லால் மனிதரைக் கரப்பான்பூச்சியாக்கியது, 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, கேட்கும் பிள்ளைக்கு ஒன்று புரியும்: இது இரத்தத்தில் ஊறிய பகை அன்று, மனிதர் கட்டியது, ஆகவே கட்டவிடாமல் தடுத்திருக்கக் கூடியது. கொன்றவரின் பிள்ளைக்கும் இந்தப் பாடம் வேண்டும். தன் தகப்பன் பிறவியிலேயே பேய் என்று நம்பும் பிள்ளை, தானும் பேய்க்குப் பிறந்ததாகவே நம்பும்.

மௌனம் கருணையா என்று கேட்டிருந்தீர்கள். ருவாண்டாவே அதை முயன்று பார்த்தது. 1994க்குப் பின் நாட்டு வரலாற்றைக் கற்பிப்பது பள்ளிகளில் நிறுத்திவைக்கப்பட்டது. எல்லாரும் ஏற்கும் புத்தகம் இல்லாமல் பல ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் வரலாற்றைக் கற்காமல் இருக்கவில்லை. அவரவர் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தெரிந்ததைக் கற்பித்தது. 2015இல் வந்த புதிய பாடத்திட்டம் இனப்படுகொலை பற்றிய கல்வியையும் அமைதி, விழுமியக் கல்வியையும் எல்லாப் பாடங்களிலும் ஊடாட வைத்தது. 20 ஆண்டு இடைவெளி அதற்குள் ஏற்பட்டுவிட்டது.

எதைக் காட்டக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். முரம்பியில் பாதி கட்டி முடித்த தொழில்நுட்பப் பள்ளியில் தஞ்சம் புகுமாறு அதிகாரிகளே மக்களை அனுப்பினார்கள். அங்கே கூடிய பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். சுண்ணாம்பில் பதப்படுத்திய உடல்கள் இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. உலகம் மறுக்க முடியாதபடி சான்று வைத்திருக்க வேண்டும் என்பது பெரியவர்களின் தேவை. பத்து வயதுப் பிள்ளையை அந்த அறைகளுக்குள் அழைத்துச் செல்ல அது நியாயமாகாது. அந்த வயதுக்கு சூரா கருஹிம்பியின் கதையைக் கொடுங்கள். முசாமோ என்னும் சிற்றூரில் வாழ்ந்த அந்த முதிய பெண்மணி, தன்னைச் சூனியக்காரி என்று ஊரார் அஞ்சியதையே கவசமாக்கி, வளையல்களைக் குலுக்கி, உள்ளே வந்தால் ஆவிகள் பிடிக்கும் என்று மிரட்டி, தன் குடிசையில் நூற்றுக்கும் மேற்பட்டோரை ஒளித்துக் காத்ததாகப் பதிவாகியிருக்கிறது. வளர்ந்த மாணவர்களுக்கு நியாங்கே பள்ளியைச் சொல்லுங்கள். 1997 மார்ச்சில் ஆயுதக் குழுவினர் இரவில் அந்தப் பள்ளிக்குள் புகுந்து, ஹூட்டுகள் ஒருபுறமும் துட்சிகள் ஒருபுறமும் பிரிந்து நிற்கும்படி கட்டளையிட்டார்கள். மாணவர்கள் பிரியவில்லை. 'நாங்கள் ருவாண்டா நாட்டவர்' என்றே சொன்னார்கள். சிலர் அந்த இடத்திலேயே கொல்லப்பட்டார்கள். எழுந்து நில் என்று ஆசிரியர் சொன்னதும் எழுந்து நின்ற தலைமுறைக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் இவர்கள். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாடம் எழுதுங்கள்.


மறுமொழி 2 – சட்டத்துறை வாசகர்

மேலே எழுதியவருடைய கருத்தின் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும் என்ற நம்பிக்கைக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பெரியவர்கள் நீதிமன்றத்தில் முடிக்காமல் விட்ட வேலையை வகுப்பறை செய்து முடிக்காது.

1990களின் இறுதியில் ருவாண்டாச் சிறைகளில் ஏறத்தாழ 1,20,000 பேர் விசாரணைக்காகக் காத்திருந்தார்கள். வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பெருமளவில் கொல்லப்பட்டோ நாட்டை விட்டு ஓடியோ போயிருந்தார்கள். வழக்கமான நீதிமன்றங்கள் விசாரித்து முடிக்க நூறாண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் தான்சானியாவின் அருஷா நகரில் இருந்தது. 2015 இறுதியில் மூடப்படும் வரை அது குற்றஞ்சாட்டியவர்கள் 93 பேர் மட்டுமே. (1998இல் அகயேசு என்னும் உள்ளூர் நிர்வாகத் தலைவர் மீது அது அளித்த தீர்ப்பு, வன்புணர்வும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று நிறுவியது என்பதை இங்கே சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.) எஞ்சிய பெருங்கூட்டத்துக்காகத்தான் கச்சாச்சா என்னும் பழைய ஊர்மன்ற முறையைச் சட்டமாக்கினார்கள். புல்தரையைக் குறிக்கும் சொல் அது. 2002இல் சோதனையாகத் தொடங்கி, 2005 முதல் நாடெங்கும் விரிந்து, 2012 ஜூனில் முடிவுற்றபோது, ஏறத்தாழ 12,000 மன்றங்கள் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தீர்த்திருந்தன.

அந்த மன்றங்கள் கொடுத்தவை சிறியவை அல்ல. குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனை குறைந்தது. ஒப்புக்கொள்வதென்றால் எங்கே புதைத்தோம் என்று இடத்தைக் காட்டவும் வேண்டும். எத்தனையோ தாய்மார் தங்கள் பிள்ளைகளின் எலும்புகளை எடுத்து முறையாக அடக்கம் செய்தது அதனால்தான். மறுபக்கமும் உண்டு. நீதிபதிகள் ஊரார் தேர்ந்தெடுத்தவர்கள். சட்டம் படித்தவர்கள் அல்லர். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. பொய்ச் சாட்சியங்களும் சாட்சிகளை மிரட்டியதும் பதிவாகியுள்ளன. கொள்ளையடித்த சொத்துக்கு ஈடு கொடுக்கும்படி வந்த தீர்ப்புகள் பல, கொடுக்கப் பணமில்லாத காரணத்தால் ஏட்டிலேயே நின்றன. கிளர்ச்சிப் படையாக வந்து இனப்படுகொலையை நிறுத்தி ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் வீரர்கள் செய்த கொலைகளை இந்த மன்றங்கள் விசாரிக்கவில்லை. மனித உரிமை அமைப்புகள் இன்றுவரை முன்வைக்கும் குறை அது. இனப்படுகொலையையும் பழிவாங்கும் கொலைகளையும் ஒரே தராசில் வைப்பது பெரும் பிழை, அதை யாரும் செய்யக்கூடாது. ஆயினும், தன் தாயை அப்படி இழந்த ஒரு பிள்ளையும் அதே வகுப்பில் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கிறது என்பதை ஆசிரியர் மறந்துவிடக் கூடாது.

ஆசிரியரும் அச்சத்தோடுதான் பேசுகிறார். இனப்படுகொலைக் கருத்தியலைத் தண்டிக்கும் சட்டம் 2008இல் வந்தது. அதன் சொற்கள் எதையும் உள்ளடக்கும் அளவுக்கு அகலமானவை என்ற கண்டனம் எழுந்து, 2018இல் திருத்திய சட்டம் வந்தது. வெறுப்புப் பேச்சால் அழிந்த நாடு அப்படியொரு சட்டத்தை நாடியதன் காரணம் விளங்குகிறது. ஆனால் எந்த வாக்கியம் குற்றமாகும் என்று திட்டமாகத் தெரியாத இடத்தில் ஆசிரியர் அச்சிட்ட வரிகளை மட்டும் படித்துவிட்டு மணியடிக்கக் காத்திருப்பார். மாணவர் கேள்வி கேட்பதையும் விரும்பமாட்டார். தேசிய ஒற்றுமை, நல்லிணக்க ஆணையத்தின் அளவீடு 2010இல் 82.3 விழுக்காடு என்றும், 2020இல் 94.7 விழுக்காடு என்றும் நல்லிணக்கத்தைக் காட்டியது. இந்த எண்களை உங்கள் அலகில் தருவதானால், கேட்டது அரசு அமைப்பு என்பதையும் அருகில் எழுதுங்கள்.

மன்னிப்பைப் பாடமாக்குவது பற்றி: வேண்டாம். கொன்றவர் மன்னிப்புக் கேட்பது அவருடைய கடமை. கொடுப்பதா இல்லையா என்பது இழந்தவருடைய உரிமை. மதிப்பெண் போடும் இடத்தில் அந்த உரிமை பறிபோகிறது.

இவ்வளவு சொன்னாலும், பிரித்தே வைத்திருப்பது தீர்வாகாது. போஸ்னியாவில் போருக்குப் பின் 'ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள்' என்ற ஏற்பாடு வந்தது. ஒரே கட்டடத்தில் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) பிள்ளைகளும் குரோவாசியப் பிள்ளைகளும் வெவ்வேறு பாடத்திட்டம் படிக்கிறார்கள், சில இடங்களில் நுழையும் வாசல்கூட வேறு. 1995 ஜூலையில் சிரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை அந்த நாட்டின் ஒரு பகுதிப் பிள்ளைகள் இனப்படுகொலை என்று படிக்கிறார்கள்; இன்னொரு பகுதியில் அந்தச் சொல்லே பாடத்தில் இல்லை.


மறுமொழி 3 – வரலாற்று ஆசிரியை

சட்டத்துறை நண்பருக்கு ஒரே ஒரு மறுப்பு. நீதி முடியும் வரை வகுப்பறை காத்திருக்க வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லை என்பதை அறிவேன். ஆனால் அப்படிப் படித்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். நீதி எந்த நாட்டிலும் முழுமையாக முடிந்ததில்லை. கம்போடியாவில் மக்களைக் கொன்று குவித்த கெமர் ரூஜ் ஆட்சி வீழ்ந்தது 1979இல். அந்த ஆட்சியைப் பற்றி மாணவர்களுக்கான தனிப் பாடநூல் வந்தது 2007இல். அதற்குள் ஒரு தலைமுறை பெற்றோர் சொன்னதை நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் வளர்ந்துவிட்டது.


மறுமொழி 4 – உளநல ஆலோசகர்

பயிற்றுநர் அம்மாவின் கேள்வியில் இருக்கும் ஒரு கணக்கை முதலில் திருத்த விரும்புகிறேன். அந்த வகுப்பில் இருப்பவர்கள் இரண்டு வகைப் பிள்ளைகள் மட்டுமல்லர். கலப்புத் திருமணத்தில் பிறந்து, தாய்வழிச் சொந்தத்தைத் தந்தைவழிச் சொந்தம் கொன்றதை அறிந்த பிள்ளை இருக்கும். உகாண்டாவிலோ புருண்டியிலோ அகதியாக வளர்ந்த பெற்றோரின் பிள்ளை இருக்கும். வன்புணர்வால் கருவுற்ற தாய்மாருக்கு 1994இன் இறுதியிலும் 1995லும் பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள். தப்பிப் பிழைத்தவர்களுக்கென 1998இல் அமைந்த அரசு நிதி, 1995லும் அதற்குப் பின்னும் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாமலே போயிற்று. தாய் பிழைத்தவள், தகப்பன் கொலைகாரன். இந்தப் பிள்ளையை எந்தப் பக்கம் எழுந்து நிற்கச் சொல்வீர்கள்? 'பிழைத்தவரின் பிள்ளை', 'கொன்றவரின் பிள்ளை' என்ற பகுப்பு நம்முடைய வாயிலும் பழைய அட்டையைப் போலவே வேலை செய்யத் தொடங்கிவிடும்; எழுதும்போது கவனமாக இருங்கள்.

அடுத்தது வரிசை. 'ம்வுரா ன்குவுரே' என்றொரு குழுமுறை 2005இல் வட ருவாண்டாவின் பியும்பாவில் தொடங்கியது. 'என்னைக் குணப்படுத்து, நான் உன்னைக் குணப்படுத்துகிறேன்' என்பது அதன் பொருள். பத்துப் பதினைந்து பேர், அதே ஊர்க்காரர்கள், சிறையிலிருந்து திரும்பியவரும் பிழைத்தவரும் கலந்து, வாரம் ஒருமுறை ஏறத்தாழ 15 வாரங்கள் கூடுகிறார்கள். பாதுகாப்பு, நம்பிக்கை, பரிவு, மதிப்பு, புதிய வாழ்க்கை நெறிகள், நினைவு என்று ஆறு கட்டங்கள். நினைவு கடைசியில் வருவதைக் கவனியுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் எழுந்து போய்விடமாட்டார், வெளியே சென்று கதைக்கமாட்டார் என்பது உறுதியான பிறகுதான் இறந்தவர்களின் பெயரைச் சொல்கிறார்கள். வரலாற்று ஆசிரியை உண்மை வேண்டும் என்கிறார், நான் மறுக்கவில்லை. அந்த உண்மையைத் தாங்கும் அளவுக்கு வகுப்பைப் பக்குவப்படுத்த சில மாதங்கள் கொடுங்கள் என்கிறேன்.

மனமாற்றத்தை அளவுகோலாக வைக்காதீர்கள் என்றும் சொல்வேன். 2004இல் ருவாண்டா வானொலியில் 'முசெகெவெயா' என்ற தொடர் நாடகம் தொடங்கியது. அண்டைக் கிராமங்கள் இரண்டுக்குள் பகை மூண்டு வளர்வதையும், இரு பக்கத்து இளைஞர்கள் அதை எதிர்ப்பதையும் சொல்லும் கதை. எலிசபெத் லெவி பலக் என்ற ஆய்வாளர், சில ஊர்களில் இந்த நாடகத்தையும் வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய நாடகத்தையும் ஓராண்டு கேட்கச் செய்து ஒப்பிட்டு, 2009இல் முடிவை வெளியிட்டார். கேட்டவர்களுடைய சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் தம் ஊரில் எது தகும், எது தகாது என்பது பற்றிய எண்ணம் மாறியிருந்தது. மாற்றுக் கருத்தை வெளிப்படையாகச் சொல்லத் துணிந்தார்கள். முடிவில் ஒவ்வொரு ஊருக்கும் ஒலிநாடாப் பெட்டியும் பேட்டரிகளும் பரிசாகக் கொடுத்தபோது, உடல்நல நாடகம் கேட்டவர்கள் அதை ஊர்த் தலைவரிடம் ஒப்படைக்கவே முனைந்தார்கள். முசெகெவெயா கேட்டவர்கள் எப்படிப் பொதுவில் வைத்துப் பயன்படுத்துவது என்று தமக்குள் விவாதித்தார்கள். தலைவர் சொன்னதை எதிர்க் கேள்வியின்றிச் செய்த பழக்கமும் 1994இல் அத்தனை பேரைக் கொலைக்கு அழைத்துச் சென்றது என்பதை நினைத்தால், அந்தப் பேட்டரி விவாதம் எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.


பயிற்றுநர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுப் பயிற்சியை எடுத்துவிட்டேன். வகுப்பறையில் எழுந்து நின்ற பிள்ளைகளும், நியாங்கேயில் பிரிய மறுத்த மாணவர்களும் முதல் இரண்டு பாடங்களாகிறார்கள். மன்னிப்பு என்ற சொல் மாணவர் ஏட்டில் வராது. ஆசிரியர் கையேட்டில், அதைக் கேட்கவோ கொடுக்கவோ பிள்ளைகளை வற்புறுத்தக் கூடாது என்ற குறிப்பாக மட்டும் வரும். ஒன்று மட்டும் ஆலோசகரிடம் கேட்க வேண்டும். ஒவ்வோர் ஏப்ரலிலும் நினைவு வாரம் வருகிறது. பள்ளிகளும் அதில் பங்கேற்கின்றன. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை வகுப்பில் உடைந்து போனால், ஆசிரியர் அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது என்ன?


மறுமொழி 5 – உளநல ஆலோசகர்

ருவாண்டாவில் அதற்கு 'இஹாஹாமுகா' என்றொரு சொல்லே உண்டு; மூச்சு நெஞ்சைவிட்டுப் போய்விட்டதைப் போன்ற நிலை. நினைவு நாள் கூட்டங்களில் ஒருவர் அலறத் தொடங்கினால் அடுத்தடுத்துப் பலர் அலறுவது அங்கே அடிக்கடி நடப்பதால், பயிற்சி பெற்ற துணையாளர்கள் கூட்டத்தின் ஓரத்தில் ஆயத்தமாக நிற்பார்கள். 1994க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் இது வருகிறது.

கையேட்டில் இவ்வாறு எழுதுங்கள். பாடத்தை நிறுத்த வேண்டும். "என்ன ஆயிற்று, என்ன நினைவுக்கு வந்தது?" என்று அந்தக் கணத்தில் கேட்கக் கூடாது. ஆசிரியர் அருகில் சென்று, பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்று என்ன கிழமை, நாம் எந்த அறையில் இருக்கிறோம், உன்னோடு யார் இருக்கிறார்கள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை விரும்பினால் தண்ணீர் கொடுத்து, தானே தேர்ந்தெடுத்த தோழரோடு வெளியே அமர விட வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது. மற்ற பிள்ளைகளிடம், "அவருக்கு இன்று கடினமான நாள்; சற்று நேரத்தில் திரும்பி வருவார்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் அந்த இருக்கையை யாரும் மாற்றி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.